மலாவி கிராமங்களில் தன்னார்வப் பணி: ஓர் ஏற்பாட்டு நிறுவனத்தின் சேவை பற்றிய மதிப்புரை

மலாவி நாட்டின் தென்பகுதியில், ஏரியை ஒட்டியுள்ள மங்கோச்சி மாவட்டக் கிராமங்களுக்கு வெளிநாட்டுத் தன்னார்வலர்களை அனுப்பும் ஒரு நிறுவனத்தின் வழியாகச் சென்று, சுகாதாரப் பிரிவிலும் கல்விப் பிரிவிலும் பணியாற்றினேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே வகையான சேவையைத் தேடுவோர் எதைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்பதற்குப் பெயர் இல்லாமலும் இந்த மதிப்புரை பயன்படும். சுகாதாரப் பிரிவுக்குத் தயக்கமின்றி முழு மதிப்பெண் தருவேன். கல்விப் பிரிவுக்குப் பாதிக்கு மேல் தர மனம் வரவில்லை. முன்னதில் தன்னார்வலர் உள்ளூர்ப் பணியாளருக்குத் துணையாக நிற்கிறார், பின்னதில் அவருடைய இடத்தையே எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

மலாவியின் கிராமப்புற மருத்துவம் பெரும்பாலும் எச்.எஸ்.ஏ. எனப்படும் சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர்களின் தோளில்தான் நிற்கிறது. இவர்கள் அரசு ஊதியம் பெறும் முழுநேரப் பணியாளர்கள். ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது அரசின் இலக்கு என்றாலும், ஒருவரே அதைவிட அதிகமானோரைச் சைக்கிளில் சென்று கவனிப்பதைப் பல இடங்களில் காணலாம். தடுப்பூசி, கழிப்பறை ஆய்வு, குடிநீர்க் குழாய், குழந்தைகளின் எடை என அனைத்தும் அவர்கள் பொறுப்பு. மருத்துவமனை எட்டாத ஊர்களில் இரண்டு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான கிராம மருத்துவ மையத்தையும் அவர்களே நடத்துகிறார்கள். நிறுவனம் என்னை அத்தகைய ஓர் உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் சொல்வதை மட்டுமே செய்ய வேண்டும் என்று எழுத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. ஊசி, மருந்து, இரத்தப் பரிசோதனை எதையும் தன்னார்வலர் தொடக்கூடாது. மருத்துவராகவே இருந்தாலும் மலாவி மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் நோயாளியைப் பார்க்க முடியாது என்பதை முதல் நாளிலேயே தெளிவுபடுத்திவிட்டார்கள். வெள்ளை அங்கியும் ஸ்டெதஸ்கோப்புமாகப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசையோடு வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். என் கணக்கில் இந்தச் சேவையின் மிகப்பெரிய சிறப்பே இதுதான்.

அந்த உதவியாளர் வேலை செய்யும் விதத்தை அருகில் இருந்து பார்ப்பதே ஒரு பாடம். காய்ச்சலும் இருமலுமாக வரும் குழந்தையைத் தாயின் மடியிலேயே அமைதிப்படுத்தி, சட்டையை மேலே தூக்கி, கையில் உள்ள டைமரை அழுத்தி, ஒரு முழு நிமிடம் மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ணுவார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஐம்பதும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு நாற்பதும்தான் எல்லை. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியா எனக் கருதிச் சிகிச்சை தொடங்குகிறது. குழந்தை நடுவில் அழுதால் மீண்டும் முதலிலிருந்து எண்ணுவார். வெளியே எத்தனை தாய்மார்கள் காத்திருந்தாலும் இதில் அவசரம் காட்டி நான் பார்த்ததில்லை. பிறகு விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து மலேரியாப் பரிசோதனை அட்டையில் விடுவார். முடிவுக்குக் கால் மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் இடது மேற்கையில் வண்ண நாடாவைச் சுற்றி ஊட்டச்சத்து நிலையைப் பார்த்துவிடுவார். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போய் நாடாவில் சிவப்பு வந்தால் குழந்தை உடனே சுகாதார நிலையத்துக்கு அனுப்பப்படும். மலேரியா உறுதியானால் மூன்று நாளில் ஆறு வேளை மாத்திரை. முதல் வேளையை அவர் கண் முன்னாலேயே கொடுக்கச் சொல்வார்.

இதில் என் பங்கு முழுவதும் காகித வேலை. ஒவ்வொரு தாயும் கையோடு கொண்டுவரும் ஹெல்த் பாஸ்போர்ட் என்ற சிறு நோட்டிலிருந்து பதிவேட்டுக்குத் தகவலை மாற்றுவது, மாத்திரை அட்டைகளை எண்ணி வைப்பது, அந்த எண்ணிக்கையை அவர் குறுஞ்செய்தியாக மேலிடத்துக்கு அனுப்பும்போது சரிபார்ப்பது, எடைத் தராசை மரக்கிளையில் கட்டுவது போன்றவை. கேட்பதற்குச் சுவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் 2019 ஏப்ரலில் மலேரியாத் தடுப்பூசியை முன்னோடித் திட்டமாக முதலில் போடத் தொடங்கிய நாடு மலாவி. அதன் நான்காம் தவணை, மூன்றாம் தவணைக்கு ஓராண்டுக்கும் மேல் கழித்து வருவதால், அதைத் தவறவிடும் குழந்தைகள் இருக்கவே செய்வார்கள். பழைய பதிவேடுகளைப் புரட்டி அந்தக் குழந்தைகளின் பட்டியலைத் தயாரிக்க அந்த உதவியாளருக்கு ஒருபோதும் நேரம் கிடைப்பதில்லை. மருத்துவப் பயிற்சி இல்லாத ஒருவர் உட்கார்ந்து செய்யக்கூடிய உருப்படியான வேலை அது. பட்டியல் தயாரானதும் வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் அவர். நான் கூடப் போனேன், அவ்வளவே.

கல்விப் பிரிவைப் பற்றி இப்படி எழுத முடியவில்லை. மலாவி 1994இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியபோது சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 30 லட்சத்தை நெருங்கியது. கட்டடமும் ஆசிரியர்களும் அந்த வேகத்துக்கு இன்றுவரை ஈடுகொடுக்கவில்லை. கிராமப் பள்ளியின் முதல் வகுப்பில் நூறு குழந்தைகளுக்கு மேல் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பது சாதாரணக் காட்சி. அங்கே கூடுதலாக ஒரு கை தேவைதான். ஆனால் இந்த நிறுவனம் செய்வது வேறு. இரண்டு வாரத்துக்கு ஒரு குழுவாக வரும் தன்னார்வலர்களை வகுப்பின் முன்னால் நிறுத்தி ஆங்கிலம் நடத்தச் சொல்கிறது. சட்டப்படி பயிற்றுமொழி ஆங்கிலம் என்றாலும் சின்ன வகுப்புகளில் ஆசிரியர்கள் உள்ளூர் மொழியில்தான் விளக்கிப் புரியவைக்கிறார்கள். அதைச் செய்ய முடியாத ஒருவர் முன்னால் நிற்கும்போது, பயிற்சி பெற்ற ஆசிரியர் சுவரோரம் போய் உட்கார வேண்டியதாகிறது. ஒவ்வொரு குழுவும் நிறங்களின் பெயர்களையும் உடல் உறுப்புகளையும் புதிதாகத் தொடங்குகிறது. குழந்தைகள் ஒவ்வொரு முறையும் முதன்முறை கேட்பதுபோல் உற்சாகமாகக் கத்துகிறார்கள். குழந்தைகள் மரியாதை தெரிந்தவர்கள்.

மொழிப் பயிற்சியிலும் இதே கவனக்குறைவு தென்படுகிறது. வந்தவுடன் தரப்படும் வகுப்புகள் சிச்சேவா மொழியில் மட்டுமே நடக்கின்றன. மங்கோச்சியில் யாவோ மக்களே அதிகம். வீடுகளிலும் கிணற்றடியிலும் பேசப்படுவது அவர்களின் மொழியான சியாவோ. சிச்சேவா பெரும்பாலானோருக்குப் புரியும் என்றாலும், வயதான பெண்களிடம் நலம் விசாரிக்கும் அளவுக்காவது சியாவோவையும் சொல்லித் தந்திருக்க வேண்டும். பல ஆண்டுகளாக அதே மாவட்டத்தில் இயங்கும் நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

கல்விப் பிரிவில் மெச்சத்தக்க ஒரு பகுதியும் உண்டு. பள்ளியோடு இணைந்து இயங்கும் அன்னையர் குழு, மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் பள்ளிக்கு வராமல் நின்றுவிடாதிருக்கத் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின்களைத் தைக்கிறது. படிப்பை விட்டுத் திருமணத்துக்கோ பிரசவத்துக்கோ போன சிறுமிகளின் வீட்டுக்குச் சென்று பேசித் திரும்ப அழைத்தும் வருகிறது. 2017இல் அரசியலமைப்பைத் திருத்தித் திருமண வயதை 18 ஆக்கிய நாட்டில், அந்தச் சட்டத்தைக் கிராமம் வரை கொண்டுசேர்ப்பவர்கள் இந்தப் பெண்களே. அவர்களுக்குத் துணி, நூல், தையல் இயந்திரப் பழுது ஆகியவற்றுக்குத் தன்னார்வலர் கட்டணத்தில் ஒரு பங்கு போகிறது. நிறுவனம் இதைத் தன் விளம்பரத்தில் ஒரு வரியில் முடித்துக்கொள்வது வியப்பாக இருக்கிறது.

தங்குமிடம் எளிமையானது, தூய்மையானது. கொசுவலை ஒழுங்காக இருந்தது. நிசிமா என்ற மக்காச்சோளக் களியும் ஏரி மீனும் தினமும் கிடைக்கும். ஏரியில் குளிக்கலாம் என்று மற்றவர்கள் ஆசை காட்டினாலும், நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா நோய் அங்கு இருப்பதை நிறுவனம் முன்கூட்டியே எச்சரித்தது பாராட்டத்தக்கது. கட்டணத்தில் எவ்வளவு கிராமத்துக்குப் போகிறது என்று கேட்டால் அச்சிட்ட கணக்கைக் காட்டுகிறார்கள்; அலுவலகச் செலவின் பங்கு எனக்கு அதிகமாகவே பட்டது.

பதிவு செய்வதானால் சுகாதாரப் பிரிவை மட்டும் கேட்டு வாங்குங்கள்; குறைந்தது மூன்று மாதம் ஒதுக்க முடியாதவர்கள் பயணச் செலவை அன்னையர் குழுவுக்கு அனுப்பிவிடுவது நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை மழையில் மண்சாலைகள் சேறாகிவிடும் என்று நிறுவனம் அந்த மாதங்களைப் பரிந்துரைப்பதில்லை. ஆனால் களஞ்சியங்கள் காலியாகி, மலேரியாவும் ஊட்டச்சத்துக் குறைவும் ஒன்றுசேரும் காலம் அதுதான், எச்.எஸ்.ஏ.வின் பதிவேடு மிக வேகமாக நிரம்புவதும் அப்போதுதான் என்பதால், சேற்றில் நடக்கத் தயங்காதவர்கள் அந்த மாதங்களையே கேட்கலாம்.