4 வருஷமா ஒரே லோகோ, ஒரே மஞ்சள்: சின்ன பிசினஸ் வெப்சைட் டிசைன்ல நான் பட்டதும் கத்துக்கிட்டதும்

சைட் ஆரம்பிச்சு 4 வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் மொத்தமா கலைச்சுட்டு புதுசா டிசைன் பண்ணதே இல்ல. ஆனா முதல் 6 மாசம் நிறைய திருத்த வேண்டி வந்துச்சு, புதுசா சைட் போடுறவங்க அதே இடத்துல மாட்டிக்க வேணாம்னு தான் எழுதுறேன்.

கலர்ல தான் முதல் அடி. எனக்கு மஞ்சள் தான் வேணும்னு பிடிவாதம். வெள்ளை பேக்ரவுண்ட்ல மஞ்சள் எழுத்து, மஞ்சள் பட்டன்ல வெள்ளை எழுத்து, என் லேப்டாப்ல பளிச்சுனு தான் தெரிஞ்சுது. ஒருநாள் ஒரு கஸ்டமர் வெளிய வெயில்ல நின்னு போன்ல பாத்துட்டு "ஆர்டர் பண்றதுக்கு எங்க அமுக்கணும், ஒண்ணுமே தெரியலையே"ன்னு மெசேஜ் போட்டாங்க. அப்புறம் தான் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவுல இருக்கிற வெளிச்ச வித்தியாசம்) பத்தி தேடிப் படிச்சேன், சாதாரண சைஸ் எழுத்துன்னா குறைஞ்சது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்கணும்னு டபிள்யூசிஏஜி (வெப்சைட்டை எல்லாராலயும் பாத்துப் படிக்க முடியணும்னு போட்ட சர்வதேச வழிகாட்டி) விதி இருக்கு, என் மஞ்சளும் வெள்ளையும் 2:1 கூட வரல. அதே மஞ்சள் மேல கறுப்பு எழுத்து வெச்சு செக் பண்ணா 12:1ஐ தாண்டுது! அதனால மஞ்சளை விடல, இடத்தை மட்டும் மாத்தினேன். இப்ப மஞ்சள் பட்டனுக்கும் பட்டைக்கும் மட்டும் தான், எழுத்து எல்லாம் கறுப்பு.

லோகோ வரைஞ்சு குடுத்தவர் ஒரே ஒரு ஜேபெக் ஃபைல் தான் குடுத்தார், நானும் கேக்கல. ஜேபெக்ல பின்னணி இல்லாம வெக்கவே முடியாது, அதனால கறுப்பு ஃபுட்டர்ல (பேஜோட அடிப்பகுதி) வெள்ளை டப்பா மாதிரி உக்காந்துச்சு, பேனருக்கு பெருசாக்கினா பிசிறு பிசிறா உடைஞ்சுது. கடைசில இன்க்ஸ்கேப்ங்கிற வரையுற சாஃப்ட்வேர்ல (இலவசம் தான்) நானே திருப்பி வரைஞ்சு எஸ்விஜி ஃபைலா மாத்திக்கிட்டேன், அது புள்ளிகளா இல்லாம கோடுகளா சேமிக்கிறதால எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாது. பிரவுசர் டேப்ல வர்ற குட்டி ஐகான் வெறும் 16 பிக்சல், அதுல முழு லோகோ வெச்சா ஒரு கறை மாதிரி தான் தெரியும், அதுக்கு முதல் எழுத்தை மட்டும் வெச்சு தனியா ஒண்ணு பண்ணேன். நீங்க யாருக்காவது காசு குடுத்து லோகோ வாங்குனா எஸ்விஜி, பின்னணி இல்லாத பிஎன்ஜி, ஒத்தக் கலர் வெர்ஷன், கலரோட ஹெக்ஸ் கோடு (அந்தக் கலரை அப்படியே குறிக்கிற 6 எழுத்து-எண் கோடு), இந்த நாலும் கைக்கு வந்தப்புறம் மீதிப் பணத்தை குடுங்க.

ஃபான்ட் தான் ரொம்ப நாள் இழுத்துச்சு. ஆசைப்பட்டு எடுத்த இங்கிலீஷ் ஃபான்ட்ல தமிழ் எழுத்தே கிடையாது, அப்படி இருந்தா பிரவுசர் அந்தந்த போன்ல இருக்கிற தமிழ் ஃபான்ட்டை எடுத்துப் போட்டுரும், ஒவ்வொரு போன்லயும் என் சைட் ஒவ்வொரு மாதிரி இருந்ததுக்கு காரணம் அது தான்னு கண்டுபிடிக்கவே எனக்கு 3 மாசம் ஆச்சு. இப்ப தலைப்புக்கு கேடமரான், மத்ததுக்கு முக்தா மலர். ரெண்டுலயும் தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தே இருக்கு, கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசம். இன்னொண்ணு, வரி இடைவெளி. இங்கிலீஷ் தலைப்புக்கு வெக்கிற 1.2 (எழுத்து சைஸைப் போல 1.2 மடங்கு) நம்ம எழுத்துக்கு பத்தவே பத்தாது, மேல் வரி ‘கூ’வோட வாலும் கீழ் வரி ‘கி’யோட கொக்கியும் முட்டிக்குது. 1.7 வெச்சேன், படிக்க அவ்வளவு சுகமா ஆயிருச்சு. இதை எந்த ரெடிமேட் டெம்ப்ளேட்டும் எனக்கு பண்ணிக் குடுக்கல, நாம தான் கை வெக்கணும்.

ஹோம் பேஜ்ல ஓடிட்டிருந்த 5 போட்டோ ஸ்லைடரை தூக்கிட்டேன், ஒரே படம், அதுவும் சைஸ் கம்மியா வர்ற வெப்-பி ஃபார்மட்ல. பேஜோட பெரிய படம் 2.5 செகண்டுக்குள்ள வந்துரணும்னு கூகுள் சொல்லுது, ஸ்லைடர் இருந்தவரைக்கும் நான் அது பக்கத்துலயே போனதில்ல. கடன் வாங்குன ஸ்டாக் போட்டோவும் போயிருச்சு, ஜன்னல் வெளிச்சத்துல ஒரே வெள்ளை சார்ட் பேப்பர் மேல பொருளை வெச்சு நானே எடுக்கிறேன், அதுலயே சைட்டுக்கு ஒரு ஒற்றுமை வந்துச்சு.

கலர் கோடு, ஃபான்ட் பேர், லோகோவை சுத்தி விட வேண்டிய இடம், எல்லாத்தையும் ஒரே பக்கத்துல எழுதி வெச்சிருக்கேன். போஸ்டர் யார் பண்ணாலும் முதல்ல அந்தப் பக்கத்தை தான் அனுப்புவேன்.

இன்னும் சரியாகாதது டார்க் மோட். நான் அனுப்புற மெயிலை டார்க் மோட்ல திறந்து பேக்ரவுண்ட் கறுப்பா மாறினா என் லோகோல இருக்கிற கறுப்பு எழுத்து காணாமப் போயிருது, அதுக்கு வெள்ளை எழுத்துல ஒரு வெர்ஷன் இப்ப வரைஞ்சிட்டிருக்கேன்.