பழைய 800-இல் பால் ஜாயின்ட் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள், பால் ஜாயின்ட் (முன்சக்கரப் பக்கம் ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் உருண்டை மூட்டு) வேலைக்கு வண்டியை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். முடியாது என்றால் சக்கரத்தைக் கழற்றியதும் நக்கிளை, அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் வார்ப்பு இரும்புத் துண்டை, போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப் எனக்கு வைத்த வேட்டு இது.

ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினால் இடது முன்பக்கம் டக் டக் என்று சத்தம். இந்த வண்டியில் பால் ஜாயின்ட் லோயர் ஆர்மோடு (சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கை) சேர்ந்தே வரும், ஆர்மையே மாற்றிவிட வேண்டியதுதான். பெரிய விலையும் இல்லை. "மதியத்துக்குள்ள முடிச்சிடலாம் சார், நீங்க ஆபீஸ் போங்க" என்றார் கடைக்காரர். மதியம் போன் வந்தது. "ஜாயின்ட் செம ஜாம் சார். கழட்டிப் பார்த்தா நக்கிள் ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கு. நக்கிள், பேரிங் ரெண்டும் புதுசு போடணும்."

போய்ப் பார்த்தேன். உப்புக் காற்று ஊர், வயதான வண்டி, ஜாம் ஆனதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் நக்கிளில் போல்ட் நுழையும் காது உடைந்திருந்தது, அந்த உடைந்த முகம் முழுக்கப் பளிச்சென்று சாம்பல் நிறத்தில் மின்னியது. நாள்பட்ட விரிசலாக இருந்தால் அங்கே துரு ஏறிப் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். சரி, அந்தக் காதை இறுக்கியிருந்த பழைய போல்ட் எங்கே என்றேன். பையன் ஸ்கிராப் டப்பாவைத் துழாவி எடுத்துக் கொடுத்தான். நடுவில் வளைந்து, ஒரு பக்கம் பிறை மாதிரி நசுங்கியிருந்தது.

விஷயம் அந்த நசுங்கலில்தான் இருக்கிறது. பால் ஜாயின்ட் தண்டில் சுற்றிலும் ஒரு பள்ளம் உண்டு. நக்கிளை இறுக்கும் போல்ட் அந்தப் பள்ளத்தை உரசிக்கொண்டு குறுக்கே போகும். நட்டைக் கழற்றினால் மட்டும் போதாது, போல்ட்டையே முழுசாக உருவினால்தான் தண்டு இறங்கும். துருவில் போல்ட் உருவ வரவில்லை போல. அது உள்ளே இருக்கும்போதே ஆர்மில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, சம்மட்டியும் போட்டிருக்கிறார்கள். வார்ப்பு இரும்பு எவ்வளவுதான் தாங்கும்?

இது பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. துரு எண்ணெய் அடித்து நன்றாக ஊற விட வேண்டும். போல்ட் உருவி வந்த பிறகு நக்கிளின் பிளவில் உளியை மெதுவாகக் கொடுத்து ஒரு மயிரிழை விரித்து, சுற்றிலும் தட்டிக்கொண்டே ஆர்மைக் கீழே அழுத்தினால் தண்டு தானாக நழுவும். உளியை ஓங்கி அடித்தாலும் காது போய்விடும். கேஸ் வைத்துச் சூடு காட்டுவதும் உண்டுதான், ஆனால் பக்கத்திலேயே ஆக்சிலின் ரப்பர் உறையும் (பூட்) பிரேக் ஹோஸும் இருக்கின்றன, சூட்டில் கெட்டுவிடும். (கூம்புத் தண்டு உள்ள வண்டிகளுக்கு முறையே வேறு. அங்கே நட்டை நாலு மரையில் விட்டுவிட்டு, தண்டு நுழையும் கண்ணின் பக்கவாட்டில் அடிப்பார்கள்.)

போல்ட்டைக் காட்டிக் கேட்டதும் கடைக்காரரின் குரல் மாறியது. "பழைய வண்டின்னா இப்படித்தான் சார் இருக்கும், பசங்க மேல பழி போடாதீங்க." பில்லில் பேரிங்குக்கு எழுதியதை அடித்துவிட்டார். நக்கிளுக்கும் 'ஜாம் லேபர்' என்ற புது ஐட்டத்துக்கும் வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார். ஆர்மின் விலையைவிட அது பல மடங்கு. ஜாம் ஆனதற்குக் கூடுதல் கூலி கேட்பது நியாயம், கொடுக்கலாம். அவர்கள் உடைத்ததை என் தலையில் கட்டியதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆர்ம் மாற்றியும் அலைன்மென்ட் பார்க்காமலே கொடுத்திருந்தார்கள். வேறு கடையில் அதற்காக ஏற்றியபோது, ட்ரைவ் ஷாஃப்ட்டின் (அதே ஆக்சில்தான்) உள்பக்க பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருப்பதைக் காட்டினார்கள். நக்கிளை அளவுக்கு மீறி வெளியே இழுத்தால் அப்படி ஆகும் என்றார்கள். அந்த பில்லையும் எடுத்துக்கொண்டு இந்தச் சனிக்கிழமை பழைய கடைக்கே போகிறேன்.