சாரம் பிரிக்கப்படாத மாளிகை

ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸ் 1975 பிப்ரவரி 14 அன்று தமது 93ஆம் வயதில் லாங் ஐலண்டில் உள்ள ஒரு மருத்துவமனையில் காலமானபோது, எழுதி முடிக்காமல் விட்டுச்சென்ற நாவல் ‘சன்செட் அட் பிளாண்டிங்ஸ்’. திட்டமிட்ட 22 அத்தியாயங்களில் 16 மட்டுமே எழுதப்பட்டிருந்தன. வுட்ஹவுஸ் ஆய்வாளர் ரிச்சர்ட் அஸ்போர்னின் விரிவான குறிப்புகளோடு 1977இல் வெளிவந்த இந்நூலின் தலைப்புகூட வுட்ஹவுஸ் வைத்ததன்று.

கதையில் புதுமை ஏதும் இல்லை. காதலியைப் பிரிந்த இளைஞன், எம்ஸ்வொர்த் பிரபுவின் உயிருக்குயிரான பன்றியைப் படம் வரைய வந்த ஓவியனாகப் பொய்ப்பெயரில் அவரது பிளாண்டிங்ஸ் மாளிகைக்குள் நுழைகிறான். பிரபுவின் தம்பி கலஹாட் காதலர்களுக்குத் துணை நிற்கிறார். 1915இல் வெளியான முதல் பிளாண்டிங்ஸ் நாவலிலிருந்தே ஆள்மாறாட்டக்காரர்கள் அந்த மாளிகைக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆயினும், 1974இல் வெளிவந்த, அவர் முழுமையாக எழுதி முடித்த கடைசி நாவலான ‘ஆன்ட்ஸ் ஆரன்ட் ஜென்டில்மென்’ என்பதைக் காட்டிலும் இக்குறைநூலே என்னை அதிகம் ஈர்த்தது. பந்தயக் குதிரையையும் அதன் தோழமைப் பூனையையும் சுற்றி நடக்கும் அந்தக் கதை, ஜீவ்ஸ் என்னும் சாமர்த்தியப் பணியாளர் வரும் வரிசையைச் சேர்ந்தது; அது ஒழுங்காகக் கட்டப்பட்டதே என்றாலும், 1938இல் வந்த ‘தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்’ நாவலின் வேகத்தில் திளைத்தவர்களுக்கு அதன் நடையில் முதுமையின் தளர்ச்சி தெரியாமல் போகாது. இங்கோ, உரையாடல்கள் சுவர்களாக எழுந்து நிற்க, அவற்றின்மேல் அவர் வழக்கமாகப் பூசும் உவமைகளும் சுற்றிவளைத்துச் செல்லும் வாக்கியங்களும் பல இடங்களில் இன்னும் வந்து சேரவில்லை. எவ்வித முயற்சியும் இன்றிப் பொங்கி வருவதாக நாம் நம்பியிருந்த நகைச்சுவை, திருத்தித் திருத்திப் பிற்பாடு ஏற்றப்பட்டது என்பது அந்த வெற்றிடங்களில்தான் புலனாகிறது. மீதிக் கதையை எப்படிக் கொண்டுசெல்வது என்று அவர் தமக்காக எழுதிவைத்த குறிப்புகள், என்னைப் பொறுத்தவரை, அத்தியாயங்களுக்குச் சற்றும் குறைந்த விருந்தல்ல.

வுட்ஹவுஸை முதன்முறையாகப் படிக்க விரும்புவோர் இதைத் தொடவே வேண்டாம். கலஹாட் அறிமுகமாகும் 1929ஆம் ஆண்டின் ‘சம்மர் லைட்னிங்’ அவர்களுக்கு உகந்தது. பழகிய வாசகர்கள் தயங்காமல் வாங்கலாம். லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து பிளாண்டிங்ஸுக்குச் செல்லும் ரயில்களைக்கூட அஸ்போர்ன் விட்டுவைக்காமல் ஆராய்ந்திருக்கிறார். கற்பனை ஊருக்கு எதற்கு ரயில் அட்டவணை என்று எண்ணிக்கொண்டே அப்பகுதியை நான் இருமுறை படித்தேன்.