குளத்துக்கு வெந்நீர்: கேஸ் ஹீட்டரா, ஹீட் பம்பா?

சித்திரை வெயிலில் மொட்டை மாடி டேங்க் தண்ணீரைத் தொட முடியாத ஊர் இது. இங்கே நீச்சல் குளத்துக்கு ஹீட்டர் வைக்கிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு குளத்து பம்ப், ஃபில்டர் வேலை பார்க்கும் நானும் ரொம்ப நாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பெரம்பூர் பக்கம் பிசியோதெரபி மையம் நடத்தும் அக்கா ஒருவர் மார்கழி மாதம் காலை ஏழு மணிக்கு என்னைக் கூப்பிட்டுக் குளத்தில் காலை விடச் சொன்ன பிறகு சிரிப்பதில்லை.

தண்ணீர் அன்று 26 டிகிரி. நீந்துபவனுக்கு அது அருமையான தண்ணீர். போட்டிக் குளங்களுக்கு விதித்த அளவே 25 முதல் 28 தான். ஆனால் முழங்கால் ஆபரேஷன் முடிந்து வருபவர் நீந்துவதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் அரை மணி நேரம் நின்று காலை மெதுவாக மடக்கி நீட்டுகிறார். அவருக்கு 33, 34 டிகிரியாவது வேண்டும். இல்லாவிட்டால் தசை இன்னும் இறுகிவிடும்.

அக்காவுக்கு ஹீட் பம்ப் விற்க ஒருவர் வந்து போயிருந்தார். அக்கா வீட்டுக்காரர் கேஸ் கட்சி. "கேஸ்னா அடுப்பு மாதிரி தம்பி, பத்த வச்சா சூடு. ஹீட் பம்ப் இன்னா, ஏசி பெட்டி மாதிரி இருக்குது, அது எப்டி சுட வைக்கும்?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். பெட்டியும் ஏசி மாதிரிதான் இருக்கும், வேலையும் அதே வேலைதான். ஏசி வீட்டுக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துக் குளத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. வேறு இடத்திலிருந்து சூட்டைச் சுமந்து வருவதால், ஒரு யூனிட் கரண்டுக்கு நான்கைந்து யூனிட் சூடு கிடைக்கும் (சூட்டையும் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்டில்தான் அளக்கிறேன்). பனி பெய்யும் ஊரில் இந்தக் கணக்கு படுத்துவிடும். மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குக் கீழே அதிகம் போகாத, ஈரம் நிறைந்த நம் ஊர்க் காற்றில் 5 என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

இனி கணக்கு. 1,000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் சூடு வேண்டும். அக்காவின் குளம் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம்; ஆக 24,000 லிட்டர். 26-லிருந்து 33-க்கு ஏற்ற ஏறத்தாழ 195 யூனிட். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் 12.8 யூனிட் சூடு வரும். சாதாரண கேஸ் ஹீட்டரில் புகையோடு போவது போக 10.5 தண்ணீரில் சேரும். அப்படியானால் 19 கிலோ நீல சிலிண்டர் ஒன்று முழுசாகக் காலியாகும். சிலிண்டர் 1,900 ரூபாய், கரண்ட் யூனிட் 10 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்கிறேன். உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு முறை சூடேற்ற கேஸில் கிட்டத்தட்ட 1,900 ரூபாய். ஹீட் பம்பில் 39 யூனிட், அதாவது 390 ரூபாய். வெறும் ஹீட்டிங் காயில் போட்டால் 195 யூனிட்டும் கரண்ட் பில்லில் ஏறும், 1,950. அதனால் அக்காவின் குளத்துக்குக் காயிலைப் பற்றி இதற்கு மேல் பேசப்போவதில்லை.

கணக்கு இவ்வளவு ஒருபக்கமாக இருக்கிறதே, பிறகு யார்தான் கேஸ் வைப்பார்கள் என்று தோன்றும். ராயபுரத்தில் ஒரு பெரியவர் வைத்திருக்கிறார். நான்தான் வைக்கச் சொன்னேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடியில் 1,500 லிட்டர் ஸ்பா தொட்டி. ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் வந்தால் மட்டும் அதில் இறங்குவார், மற்ற நாளில் அது மூடிக் கிடக்கும். 28-லிருந்து 38-க்கு ஏற்ற பதினேழரை யூனிட் சூடு போதும். தண்ணீருக்கு 24 கிலோவாட் தரும் சின்ன கேஸ் ஹீட்டர் முக்கால் மணி நேரத்தில் ஏற்றிவிடும், செலவு 1.7 கிலோ கேஸ். தொட்டியோடு வந்த 3 கிலோவாட் காயில் என்றால் ஆறு மணி நேரம். சின்ன ஹீட் பம்ப் மூன்றரை மணி நேரம். "வர்றோம்னு பத்து மணிக்கு போன் பண்ணுவாங்க, பதினொண்ணுக்கு வந்து நிப்பாங்க" என்கிறவருக்கு ஹீட் பம்ப் எதற்கு? வாரம் ஒரு நாள் ஓடும் இயந்திரத்தில் கரண்டை மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

ஆக எது நல்ல ஹீட்டர் என்று என்னைக் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வாரத்தில் எத்தனை நாள் சூடு வேண்டும்?

கேஸ் பக்கம் போகிறவர்கள் ஹீட்டர் விலையை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தை மறந்துவிடுகிறார்கள். மணலி சாலைப் பக்கம் ஒரு விடுதிக் குளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2 லட்சம் பிடியு (ஹீட்டரின் சூட்டை அளக்கும் அலகு) ஹீட்டர், நல்ல சரக்குதான். பத்தவைத்ததும் ஜம்மென்று ஓடும், அரை மணி நேரத்தில் நின்றுவிடும். திரும்பப் பத்தவைத்தால் பத்து நிமிடம். சர்வீஸுக்கு வந்தவர்கள் போர்டு போய்விட்டது என்று மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாளும் அதே கதை. நான் போனபோது காலை ஆறு மணி இருக்கும். சிலிண்டரின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது, ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்த மாதிரி. வேலைக்காரப் பையன் பக்கத்தில் நின்று அதன் மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தான். முதலில் அவன் கையிலிருந்த பக்கெட்டைப் பிடுங்கினேன்.

அங்கே நடந்தது இதுதான். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியானால்தான் கேஸ். ஆவியாவதற்கான சூட்டை அது தன்னிடமிருந்தும் சிலிண்டர் சுவரிலிருந்தும் உறிஞ்சுகிறது. அடுப்புக்கு எடுக்கும் அளவு என்றால் வெளிக்காற்று அதை ஈடுகட்டிவிடும். 2 லட்சம் பிடியு ஹீட்டர் மணிக்கு நாலரை கிலோ கேஸ் கேட்கும். ஒற்றை சிலிண்டரால் அதைத் தொடர்ந்து தர முடியாது. உறைந்து, அழுத்தம் இறங்கி, ஹீட்டர் தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறது. போர்டு மேல் ஒரு தப்பும் இல்லை. நான்கைந்து சிலிண்டரை மேனிஃபோல்டில், அதாவது எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் பொதுக் குழாயில், சேர்த்த பிறகு அந்தப் பிரச்சினை திரும்பவில்லை.

சேர்க்கும்போது ஒரு எல்லை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகளின்படி 100 கிலோ எல்பிஜி வரை வைக்கத் தனி உரிமம் தேவையில்லை. 19 கிலோ சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. "ஸ்பேர் ஒண்ணு இருக்கட்டுமே" என்று ஆறாவதை ஓரமாக நிறுத்தினால் 114. அப்போது உரிமம் வாங்க வேண்டும். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை இதில் கோக்கலாமா என்று கேட்காத வாடிக்கையாளரே இல்லை. கூடாது.

அடுத்தது இடம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி பள்ளம் தேடி இறங்கித் தேங்கும். நம் பக்கம் பாதிக் குளங்களில் பம்ப் ரூம் தரைக்குக் கீழே குழியில்தான் இருக்கிறது; அக்கா மையத்திலும் அப்படித்தான். அந்தக் குழிக்குள் கேஸ் ஹீட்டரை வைக்க எவ்வளவு பணம் கொடுத்தாலும் நான் வைக்கமாட்டேன். எண்ணூரில் 2019-இல் திறந்த எல்என்ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையத்தின் கேஸ் குழாய் வழியாக உங்கள் தெருவுக்கு வந்திருந்தால் சிலிண்டர் தொல்லை தீர்ந்தது. அது காற்றைவிட லேசானது, மேலே போய்விடும். ஆனால் எல்பிஜி ஹீட்டரை அப்படியே அதில் மாட்டக் கூடாது. பர்னர் துளையின் அளவே வேறு.

அறைக்குள் வைத்தால் புகைக்குழாய் வெளியே போக வேண்டும், சுத்தக் காற்று உள்ளே வர மேலும் கீழும் திறப்பு வேண்டும். குளியலறை கேஸ் கீசரில் மூச்சு முட்டி இறந்தார்கள் என்று வருஷா வருஷம் செய்தி படிக்கிறோமே, அதே கார்பன் மோனாக்சைடுதான் இங்கேயும். வாசனை கிடையாது. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடினால் வால்வை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ராயபுரம் மாடியில் கடல்காற்று புகையைத் திருப்பி அடித்ததால், ஹீட்டரைச் சுவர் ஓரத்திலிருந்து இரண்டு முறை நகர்த்தினோம்.

ஹீட் பம்ப் பக்கம் இவ்வளவு பயம் இல்லை, குறை உண்டு. தண்ணீருக்கு 15 கிலோவாட் தரும் பெட்டி அக்காவின் குளத்தை முதல் முறை ஏற்ற 13 மணி நேரம் எடுக்கும். 2 லட்சம் பிடியு கேஸ் ஹீட்டருக்கு நான்கு மணி நேரம். தினமும் நடக்கும் மையத்துக்கு இது பெரிய விஷயம் இல்லை. ராத்திரி இறங்கிய ஒன்றிரண்டு டிகிரியை விடியலுக்குள் ஏற்றினால் போதும். இன்னொரு குறை உப்புக்காற்று. காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் ஏசி அவுட்டோர் யூனிட் எப்படி அரித்துப்போகிறது என்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலுமினிய ஃபின்னுக்குப் பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்கி, மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவ வேண்டும். பெட்டி கக்கும் குளிர்காற்று அதற்குள்ளேயே திரும்பப் போகாதபடி முன்னால் திறந்த வெளி வேண்டும். 15 கிலோவாட் பெட்டி இழுப்பது 3 கிலோவாட் கரண்ட்தான், ஆனாலும் சாங்ஷன் லோடு (உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்சுமை) போதுமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

சோலார்? குளத்தின் பரப்பில் பாதியாவது மாடியில் காலி இடம் வேண்டும். டேங்க், துணிக்கொடி, வடகம் காயப்போட்ட பாய் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். அப்படியே இருந்தாலும், நமக்குச் சூடு தேவைப்படத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வானம் மூடிக்கிடக்கிறது.

எதை வாங்கினாலும் அதைக் கொல்வது தண்ணீர்தான். கேஸ் ஹீட்டருக்குள் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்துவது பெரும்பாலும் செம்புக் குழாய். தண்ணீரில் பிஹெச் 7.2-க்குக் கீழே இறங்கினால், அதாவது தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்தால், செம்பு கரையத் தொடங்கும். டைல்ஸில் பச்சை நீலக் கறை, வெள்ளைத் துண்டிலும் அதே நிறம். குளோரின் மாத்திரையை ஸ்கிம்மர் கூடையில் (மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் கூடை) போட்டுவிட்டுப் போகும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. பம்ப் நின்றதும் மாத்திரை கரைந்து புளித்த அந்தத் தண்ணீர் ஹீட்டருக்குள்ளேயே ராத்திரி முழுக்க நிற்கும். சரியான வரிசை பம்ப், ஃபில்டர், ஹீட்டர், தண்ணீரைத் திரும்ப வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு, கடைசியில்தான் குளோரின். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய கதை தெரிந்ததுதானே. போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் செம்பை நம்ப வேண்டாம். செம்போடு நிக்கல் கலந்த குழாயைக் கேளுங்கள். ஹீட் பம்பில் டைட்டானியம் குழாய் வருகிறது, அந்த விஷயத்தில் அது தலை தப்பிவிடும்.

அக்காவிடம் நான் முதலில் வாங்கச் சொன்னது ஹீட்டரே இல்லை, குளத்தை மூடும் குமிழ் ஷீட். குளம் சூட்டை இழப்பது பெரும்பாலும் ஆவியாகித்தான். 20 சதுர மீட்டர் குளத்தில் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால் அது 100 லிட்டர், அதோடு போகும் சூடு 67 யூனிட். மூடாத ராத்திரியில் 3 டிகிரி இறங்கிய குளம், ஷீட் போட்ட பிறகு ஒன்றரை டிகிரிதான் இறங்கியது. ஒன்றரை டிகிரியை ஏற்ற தினமும் 42 யூனிட் சூடு. கேஸில் நான்கு கிலோ, 400 ரூபாய். ஹீட் பம்பில் 84 ரூபாய். கார்த்திகையிலிருந்து மாசி வரை 120 நாள் என்றால் 48,000-க்கும் 10,000-க்கும் உள்ள வித்தியாசம். இரண்டு கொட்டேஷனையும் வாங்கி, ஹீட் பம்புக்குக் கூடுதலாகக் கேட்கும் தொகையை 38,000-ஆல் வகுத்துப் பாருங்கள், எத்தனை குளிர்காலத்தில் கைக்கு வரும் என்று தெரியும். கேஸ் கொட்டேஷனில் மேனிஃபோல்டு, ரெகுலேட்டர், புகைக்குழாய், சிலிண்டர் கூண்டு எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

அக்கா ஹீட் பம்ப் வாங்கினார். ராத்திரி பத்து மணிக்கு ஷீட்டை இழுத்துவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்குத் தானாக ஓடும்படி டைமர் வைத்திருக்கிறோம். ஏழு மணிக்கு 33. வீட்டுக்காரர்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. போன வாரம்கூடக் கேட்டார், "கரண்ட் போனா இன்னா பண்ணுவே தம்பி? கேஸா இருந்தா ஓடும்ல?" கரண்ட் போனால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் கேஸ் ஹீட்டரும் அணைந்துவிடும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ ஜெனரேட்டர் ஒண்ணு வாங்கணும்ங்குற" என்றார்.