கல்லோயாப் பக்கம் 'அட்வென்ச்சர் கேம்ப்' போக முன்பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஓகஸ்ட் விடுமுறையில் மட்டக்களப்பிலிருந்து எங்கள் பாடசாலை ஆசிரியர்கள், பிள்ளைகள் என்று ஒரு வான் நிறையச் சேர்ந்து கல்லோயாப் பூங்காப் பக்கத்து ஊரான இங்கினியாகலைக்குப் போனோம். முழுசாகத் திரும்பி வந்ததே பெரிய காரியம். கூட்டிப்போனவர்களின் பெயரை இங்கே போடவில்லை, முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. போட்டும் பலனில்லை. அவர்களின் பேஸ்புக் பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: தலைக்கு 12,500 ரூபாய். வான், சாப்பாடு, காட்டுக்குள் ஓரிரவு கூடாரம், சேனாநாயக்க சமுத்திரம் என்கிற பெரிய குளத்தில் படகில் போய் நீந்துகிற யானை பார்ப்பது, மறுநாள் மலையேறிக் கயிற்றில் இறங்குவது. பாதிக் காசு முற்பணம். வட்சப்பில் நான் கேட்காத கேள்வி இல்லை. அனுமதி எடுத்தாயிற்றா? "எல்லாம் ஓகே மிஸ்." பெண்களுக்குக் கழிப்பறை? "இருக்கு மிஸ்." லைஃப் ஜக்கெட்? "ஃபுல் செட் இருக்கு மிஸ்." அனுமதிக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னபோது, "அது ஒபிஸ்ல இருக்கு, வாற அண்டைக்குக் காட்டுறன்" என்றார். காசு போடச் சொன்ன கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, கம்பனிக் கணக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று பதில்.

வான் சம்மாந்துறை தாண்டும்போதே முதல் பொய் வெளியில் வந்தது. பேராதனையில் படித்த எங்கள் சேர் ஒருவர் விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நக்கிள்ஸ் எல்லோ" என்றார். நக்கிள்ஸ் கண்டிப் பக்கத்து மலைத்தொடர். படத்தில் பனி மூடிய புல்வெளியும் செங்குத்துப் பாறை விளிம்பும். கல்லோயாவை ஒருமுறை பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். இது உலர்வலயக் காடு, கடுக்காயும் தான்றியும் நெல்லியும் நிற்கிற நாட்டு மருந்துப் பூமி. ஓகஸ்டில் இங்கே பனிமூட்டம் எங்கிருந்து வரும்? கச்சான் காற்றுதான் முகத்தில் அடிக்கும்.

கல்லோயா தேசிய பூங்கா 1954இல் இருந்து இருக்கிறது. உள்ளே போக வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்தில் ரிக்கெட் எடுக்க வேண்டும். எங்கள் வான் அந்த அலுவலகத்தைத் தாண்டிப் போய் ஒரு மண் பாதையில் திரும்பியது. "ரிக்கெட் எடுக்கலையா தம்பி?" என்று கேட்டேன். "நம்மட படகு வேற பக்கம் மிஸ், அங்க லைனே இல்ல" என்றான் வழிகாட்டிப் பொடியன்.

லைன் இல்லைதான். கரையில் ஒரு மீன்பிடி வள்ளம் மட்டும் நின்றது. அத்தனை பேருக்கும் சேர்த்து நாலு லைஃப் ஜக்கெட். ஒன்றின் கொளுவி உடைந்து சப்பாத்து நாடாவால் கட்டியிருந்தது. இன்னொன்றின் உள்ளே இருந்த ஸ்பொஞ்ச் அப்பளம் போலத் தட்டையாகிக் கிடந்தது. நாலையும் பிள்ளைகளுக்குப் போட்டோம். இது குளம் என்று பெயருக்குச் சொன்னாலும் இலங்கையிலேயே பெரிய நீர்த்தேக்கம். பின்னேரக் கச்சானுக்கு அலை எழும்பி வள்ளத்துக்குள் தண்ணீர் அடித்தது.

யானையை மட்டும் குறை சொல்ல முடியாது. சொன்னபடி வந்தது. தூரத்துத் தீவு ஒன்றின் கரையில் குட்டியோடு நின்றதைப் பார்த்தோம். பிள்ளைகள் சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருக்கும்போதுதான் திணைக்களத்தின் படகு ஒன்று வந்தது. அதில் இருந்த எல்லோருக்கும் செம்மஞ்சள் ஜக்கெட். எங்கள் வள்ளக்காரர் சட்டென்று எஞ்சினை நிறுத்தி, தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்களுக்கு நடுவே வள்ளத்தைத் தள்ளி, "சத்தம் போடாதீங்க" என்று கை காட்டினார். ஒளிந்திருந்தோம். 12,500 ரூபாய் பேசி, பிள்ளைகளோடு, அரசாங்கத்துக்குத் தெரியாமல்!

எனக்கு விஷயம் முழுவதும் விளங்கியது அப்போதுதான். அனுமதி என்றால் ஏதோ திணைக்களத்துக்குப் போகிற காசு என்று பலர் நினைக்கிறோம். அந்தத் துண்டில் இன்ன திகதியில் இத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று பதிவாகிறது. பொழுது சாயும்போது யாரோ ஒருவர் கணக்குப் பார்ப்பார். எங்களை யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை. அந்த வள்ளம் கவிழ்ந்திருந்தால் நாங்கள் அங்கே இருக்கிறோம் என்பதே அடுத்த நாள்வரை யாருக்கும் தெரிந்திருக்காது. 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடவும் போனில் சிக்னல் இல்லை.

இரவுக் கூடாரம் காட்டுக்குள்ளும் இல்லை, ஊருக்குள்ளும் இல்லை. வயல் ஓரத்தில் மின்சார யானை வேலி போகிறது, அந்த வேலிக்கு அங்கால் பக்கம் கூடாரம் அடித்திருந்தார்கள். அதாவது யானை நிற்கிற பக்கம். கழிப்பறை என்பது பற்றைக்குப் பின்னால் சாக்கு மறைப்பு. பொடியன்கள் நெருப்பு மூட்டிக் கோழி சுட்டார்கள், மிஞ்சிய சோற்றையும் வாழைப்பழத் தோலையும் பக்கத்திலேயே கொட்டினார்கள். சிறுபோக அறுவடைக் காலம் வேறு. நெல் வாசத்துக்கு யானை இறங்கும் என்பது படுவான்கரைக் குழந்தைக்கும் தெரியும்.

ஒன்பது மணி இருக்கும், காவல் பரணில் இருந்த விவசாயி ஒருவர் டோர்ச்சோடு வேலி ஓரம் வந்து நின்றார். சிங்களமும் உடைந்த தமிழுமாகச் சொன்னார்: "இது யானை ரோட். இங்க படுக்க வேணாம்." கையில் யானை வெடி இரண்டு வைத்திருந்தார். வழிகாட்டி அவரோடு சண்டைக்குப் போனான். நாங்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. அந்த மனிதர் வேலியைத் திறந்து எங்களை இங்கால் எடுத்து, தன் வீட்டு முற்றத்தில் பாய் போட்டுப் படுக்க விட்டார், பிளேன்டீ தந்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். விடிய முன்னம் யானை வந்து போனது. காலையில் ஒரு கூடாரம் மண்ணோடு அமுங்கிக் கிடந்தது. உள்ளே ஆள் இல்லாதது அந்த விவசாயியின் புண்ணியம்.

இவ்வளவுக்குப் பிறகும் "மலையேற்றம் இருக்கு மிஸ், அதுதான் ஹைலைட்" என்றான் பொடியன். வானும் அங்கேதான் நிற்கிறது என்றதால் போனோம்.

நாலு மாடி உயரப் பாறை. மேலே ஒரு மரத்தில் நீலக் கயிறு கட்டியிருந்தது. கடலோரக் கல்லடியில் வளர்ந்த எனக்கு அந்தக் கயிறு நல்ல பழக்கம், தோணி கட்ட வாங்குகிற பிளாஸ்டிக் கயிறு. வெயிலில் கிடந்து நார் கிளம்பிக் கையில் குத்தியது. எங்கள் விஞ்ஞான சேர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார்: இறங்குகிற கயிறு என்றால் உள்ளே நார்க் கரு, வெளியே பின்னிய உறை என்று இரண்டு இருக்கும். இந்த பொலிப்புரொப்பிலீன் சுமார் 160 பாகை செல்சியஸிலேயே உருகும், ஆள் பாரத்தோடு இரும்பில் உரசிக்கொண்டு இறங்கினால் சூடு எங்கே போகும்? மறுகா அவர் கொக்கியை எடுத்தார். சரியான கொக்கியில் எத்தனை கிலோநியூட்டன் தாங்கும் என்று பொறித்திருப்பார்கள், பெரும்பாலும் 20க்குக் குறையாது, கிட்டத்தட்ட இரண்டு தொன் பாரம். இதில் பொறித்திருந்தது 'மலையேறப் பாவிக்க வேண்டாம்' என்று, ஆங்கிலத்தில். திறப்புக் கோத்து இடுப்பில் தொங்கவிடுகிற கொக்கி அது.

"அது சும்மா எழுதியிருக்கு சேர்" என்றான் வழிகாட்டி.

அதற்குள் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இடுப்புப் பட்டியை மாட்டிக்கொண்டு, தாடைப் பட்டி இல்லாத மஞ்சள் மேசன் தொப்பியோடு விளிம்பில் நிற்கிறது. தாய் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தா. யாரும் இறங்கவில்லை. அப்போது பொடியனின் குரல் மாறியது: மிச்சக் காசைத் தந்தால்தான் வான் எடுப்போம் என்றான். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வெயிலில் என்ன செய்ய? கொடுத்தோம். பற்றுச்சீட்டு தரவில்லை.

வீட்டுக்கு வந்து காசைத் திருப்பிக் கேட்டதும் "காலநிலை காரணமாகச் சில மாற்றங்கள்" என்று ஒரு செய்தி வந்தது. பிறகு என்னைத் தடை செய்துவிட்டார்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் விசாரித்தோம், அப்படி ஒரு பதிவே இல்லை. பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறோம், மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்கிறார்கள். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அறிவித்திருக்கிறோம். வங்கிச் சிலிப்பும் வட்சப் பேச்சும்தான் கையில் உள்ள சாட்சி.

அந்தப் பக்கம் ஒழுங்காகச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை, செம்மஞ்சள் ஜக்கெட் படகை நானே பார்த்தேன். யாரிடம் பதிவு செய்தாலும் 'காட்டுக்குள் கூடாரம்' என்றால் கூடாரம் அடிக்கும் இடத்தின் பெயரைக் கேளுங்கள். தேசிய பூங்காவுக்குள் திணைக்களம் ஒதுக்கிய இடத்தில், முன்கூட்டிப் பதிந்துதான் தங்கலாம். பெயர் சொன்னால் நீங்களே பூங்கா அலுவலகத்துக்குக் கோல் எடுத்துச் சரிபாருங்கள். வழிகாட்டி என்றால் அதிகார சபை கொடுத்த அடையாள அட்டை இருக்கும். கயிற்று வேலை என்றால் கயிற்றையும் கொக்கியையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்றுக்காவது "வாற அண்டைக்குக் காட்டுறன்" என்று பதில் வந்தால் காசை அனுப்ப வேண்டாம்.

புதுப் பெயரில் ஓடும் பக்கத்தில் அடுத்த போயா விடுமுறைக்கு இப்போது 14,000 ரூபாய் கேட்கிறார்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் சிலிப்பை அழிக்காமல் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், எங்கள் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்.