பிரச்சார வண்டி வாடகை: இராமநாதபுரம் கடலோரத்துக்கு எது ஒத்துவரும்?

சட்டமன்றத் தேர்தல் தேதி வந்ததும் இராமநாதபுரம், கீழக்கரை, இராமேஸ்வரம் பக்கத்து சவுண்ட் சர்வீஸ்காரர்கள் எல்லாரும் ஒரே பேக்கேஜைத்தான் பேசுவார்கள்: வண்டி, டிரைவர், ஒலிபெருக்கி, பிளக்ஸ், குரல்பதிவு, எல்லாம் சேர்த்து நாளுக்கு இவ்வளவு. கடைக்குக் கடை சரக்கு பெரிதாக மாறுவதில்லை என்பதால் இங்கே கடைப் பெயர் எதுவும் இல்லை. கோவில் மரபு, குடும்பம், தேசியம் என்று பேசும் வலதுசாரி வேட்பாளரின் தேர்தல் வேலையை மனதில் வைத்து எழுதியது இது. 2021இல் இராமநாதபுரம் தொகுதியில் பாஜகவின் டி. குப்புராமு இரண்டாம் இடம் வந்தார்; திமுகவின் காதர்பாட்சா முத்துராமலிங்கம் ஜெயித்தார். இப்படி வலதுசாரி வேட்பாளருக்கு இங்கே கூட்டம் தானாகச் சேராது. வண்டிதான் ஊர் ஊராகப் போக வேண்டும்.

முதலில் வண்டி. குட்டியானை என்று சொல்லும் சின்னச் சரக்கு வண்டிதான் இந்தக் கரைக்குப் பொருத்தம். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி என்று போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், மண்டபம் வழியாக இராமேஸ்வரம் போகும் நெடுஞ்சாலையிலும் அது சிரமமில்லாமல் ஓடும். கீழக்கரைத் தெருக்களுக்கும் இராமேஸ்வரம் ரதவீதிகளுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளுக்கும் ஆட்டோ போதும். சேராங்கோட்டை, ஓலைக்குடா மாதிரி மணல் கிடக்கும் மீனவர் குடியிருப்புகளில் பாரம் ஏற்றிய வேன் உள்ளே இறங்கினால் பின்சக்கரம் புதையும். தார் முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பேசுவதே மரியாதை, வேலையும் நடக்கும். எல்இடி திரை வைத்த வேனை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பொது இடத்தில் காட்டும் படக்காட்சிக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன்அனுமதி வேண்டும். அதற்குப் பதிவு பெற்ற கட்சியின் வேட்பாளர் மூன்று நாள் முன்பே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வசனத்தில் ஒரு வரி மாறினாலும் மறுபடியும் அதே வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஜெனரேட்டர், டீசல் செலவு தனி.

பேக்கேஜில் பெரும்பாலும் ஏமாற்றுவது ஒலிபெருக்கி. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஹாரனின், அதாவது கூம்புக் குழாயின், பின்பக்க யூனிட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கடல் உப்பு ஏறிய வயர் முனையில் பச்சை பூத்திருந்தால், முதல் நாள் நன்றாகக் கத்தி இரண்டாம் நாள் கரகரக்கும். ஓம் என்பது மின்தடையின் அளவு; 16 ஓம் யூனிட் இரண்டை இணையாகச் சேர்த்தால் 8 ஓம், நான்கைச் சேர்த்தால் 4 ஓம். ஆம்ப்ளிஃபயரில் வயர் அந்த எண்ணுள்ள முனைக்கே போகிறதா என்று பாருங்கள். நான்கு ஹாரனை 8 ஓம் முனையில் மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் சூடேறிப் பாதியில் நிற்கும். 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் முழுச் சத்தத்தில் 12 வோல்ட்டில் பத்து பன்னிரண்டு ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். அதனால் வண்டியின் சொந்த பேட்டரியில் மாட்டாமல் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று தனியாகக் கேளுங்கள். வண்டி பேட்டரியில் மாட்டினால் டைனமோவின் ஊளை குரலோடு சேர்ந்து வரும், மாலையில் வண்டி ஸ்டார்ட்டும் ஆகாது. வோல்ட் இறங்கும்போது முதலில் உடைவது 'ச', 'ஷ' எழுத்துகள். சின்னத்தின் பெயரில் அந்த எழுத்து இருந்தால் பாதிப் பேருக்கு என்ன சொன்னீர்கள் என்றே புரியாது.

கூம்பு வடிவக் குழாய்க்குப் பல இடங்களில் போலீஸ் தடை சொல்வார்கள். பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி வண்டியிலேயே இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை எந்த ஒலிபெருக்கியும் கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. இதை டிரைவருக்கு ஊர் பெயரோடு எழுதிக் கொடுத்தால்தான் நினைவில் நிற்கும்.

காற்றைப் பற்றி இந்தப் பேக்கேஜ்காரர்கள் ஒருவரும் பேசுவதில்லை. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் காற்றை எதிர்த்துப் போகும் குரல் இருபது வீடு தாண்டாது. வண்டியைக் காற்று வரும் பக்கத்தில் நிறுத்தி, ஊரை நோக்கி ஹாரனைத் திருப்பினால் பாதிச் சத்தமே போதும். பாம்பன் சாலைப் பாலத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல். அங்கே சணல் கயிற்றில் கட்டிய பிளக்ஸ் கிழியாமல் தப்பினால் அதிசயம். நான்கு ஓரமும் ஐலெட் (கயிறு கோர்க்கும் வளையம்) அடித்து, நடுவில் காற்றுப் போக அரைவட்டமாகக் கீறிய பிளக்ஸ் கேளுங்கள்.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. இராமேஸ்வரத்து விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை சேரும். அந்தக் காலையில் மீன் ஏலத்துக்கு நடுவே வண்டி போனால் எரிச்சல்தான் மிஞ்சும். பகல் பதினொரு மணிக்கு மேல் வலை பிரிக்கும்போது போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேர்தல் அதை ஒட்டி வந்தால் ஆண்கள் கரையில் இருப்பார்கள். நிவாரணத் தொகையைப் பற்றிய கேள்விதான் முதலில் வரும். கீழக்கரை, பெரியபட்டினத்தில் பாங்கு கேட்டால் ஒலியை நிறுத்துங்கள். தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலைப் பூசை நேரத்தைத் தவிருங்கள். மரபைப் பேசும் வேட்பாளரின் வண்டியே இதை மதிக்கவில்லை என்றால் அவர் பேச்சை யார் நம்புவார்கள்?

பெரிய ஆபத்து பிளக்ஸ் டிசைனில் இருக்கிறது. வலதுசாரி வேட்பாளர் என்றதும் டிசைனர் கேட்காமலே இராமநாதசுவாமி கோவில் கோபுரத்தைப் பின்னணியில் போட்டு, குரல்பதிவுக்கு முன்னால் பக்திப் பாட்டும் சேர்த்துத் தருவார். வாங்காதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதையும் மதச் சின்னத்தைப் பயன்படுத்துவதையும் ஊழல் நடவடிக்கை என்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதமும் இதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஜெயித்த பிறகும் தேர்தல் வழக்கில் பதவி போகும். கோவில் நிலம், தீர்த்தம், யாத்ரீகர் வசதி என்று கொள்கையாகப் பேச இடமுண்டு. 'நம்ம சாமிக்கு ஓட்டு' என்று பேசத்தான் இடமில்லை. குரல்பதிவின் எழுத்துப் பிரதியை வேட்பாளரின் தேர்தல் ஏஜென்ட் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே ஸ்டுடியோவுக்கு அனுப்புங்கள்.

பதிவில் பெயரை விடச் சின்னமும் வரிசை எண்ணும் முக்கியம். 2024 மக்களவைத் தேர்தலில் இந்த மாவட்டத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது அதே பெயரில் வேறு பலரும் வாக்குச்சீட்டில் இருந்தார்கள். சட்டமன்றத் தேர்தலிலும் அது நடக்கலாம். முப்பது விநாடிப் பதிவில் சின்னம் மூன்று முறை, எண் இரண்டு முறை வர வேண்டும்.

அடுத்து அனுமதி. 'அனுமதி நாங்களே வாங்கித் தருவோம்' என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். பொறுப்பு வேட்பாளர் தலையில்தான். ஆர்சி, இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் நகல்களோடு தேர்தல் ஆணையத்தின் சுவிதா இணையதளத்தில் குறைந்தது 48 மணி நேரம் முன்பே விண்ணப்பியுங்கள். அனுமதிச் சீட்டின் அசலையே முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும், நகல் செல்லாது. வண்டி பழுதாகி மாற்று வண்டி வந்தால் அதற்குப் புது அனுமதி. இரண்டு நாளுக்கு மேல் ஓட்டாவிட்டால் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் ஓடியதாகவே செலவு ஏறும்.

பில்லில்தான் பேக்கேஜ் முழுத் தோல்வி. 'பிரச்சாரம், 10 நாள்' என்று ஒரே வரியில் எழுதித் தருவார்கள். செலவுப் பார்வையாளர் மாவட்ட விலைப்பட்டியலை வைத்து வண்டி, டிரைவர் படி, டீசல், சவுண்ட், பிளக்ஸ் சதுர அடி என்று தனித்தனியாகக் கூட்டுவார், இரண்டும் ஒத்துவராது. பிரித்து எழுதிய பில் கேளுங்கள். சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம். ஒருவருக்கு ரொக்கமாக மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது. மீதி தேர்தலுக்காகத் திறந்த கணக்கிலிருந்து காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம். சொந்தக்காரர் இலவசமாகக் கொடுத்த வண்டிக்கும் மதிப்புப் போட்டு எழுத வேண்டும். துண்டறிக்கையும் சேர்ந்தால் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

எங்கள் தீர்ப்பு: குட்டியானையும் தனி பேட்டரியும் வாடகைக்கு எடுங்கள், பிளக்ஸையும் குரல்பதிவையும் வேறு இடத்தில் உங்கள் கண் முன்னால் செய்யுங்கள். பிரச்சாரம் முடியும் மாலை, வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரத்துக்கு முன், பிளக்ஸை இறக்கி, கிலோமீட்டர் எண்ணை டிரைவரிடம் கையெழுத்தோடு வாங்கி, அன்றைக்கே கணக்குப் பதிவேட்டில் அன்றாடச் செலவுக்கான வெள்ளைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் அந்தப் பதிவேடு மாவட்டத் தேர்தல் அலுவலரின் மேஜைக்குப் போக வேண்டும்.