டென்னிஸ் ஃபோர்ஹேண்டுக்கு எப்படி நிற்பது? நியூட்ரலா, ஓபனா?

சென்னையில் ராயபுரம், வியாசர்பாடி பக்கம் பாக்சிங் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, குத்து குதிகாலில் கிளம்பி இடுப்பு, தோள் வழியாகத்தான் கைக்கு வரும் என்று சொல்லித்தர வேண்டாம். டென்னிஸ் அடியும் அதே வழியில்தான் வருகிறது. ஆனால் ராக்கெட்டைப் பிடித்ததும் அதை மறந்துவிட்டுத் தோளை மட்டும் நம்பி வீசுகிறோம்.

ஃபோர்ஹேண்ட் என்பது ராக்கெட் பிடித்த கைப்பக்கம் வரும் பந்தை அடிப்பது. அதற்கு நிற்கும் விதம் முக்கியமாக இரண்டு: நியூட்ரல், ஓபன். நியூட்ரலில், வலதுகைக்காரர் இடது காலை வலையை நோக்கி எடுத்து வைத்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பி அடிப்பார். எடை பின்காலிலிருந்து முன்காலுக்குப் போகும். ராக்கெட் பந்தின் பாதையிலேயே கொஞ்சம் அதிக தூரம் போவதால், டைமிங் லேசாகத் தப்பினாலும் அடி பெரிதாகக் கெடாது. மெதுவாக, குட்டையாக விழும் பந்துக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. நம்ம டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன 1960, 61 காலம் மரராக்கெட்டும் புல்தரையும் உள்ள காலம். பந்து தாழ்ந்தே வரும், அதனால் முன்னே அடியெடுத்து அடிப்பதே வழக்கம். இதன் குறை நேரம்தான். வேகமான பந்துக்குக் காலை எடுத்து வைக்க அவகாசம் இருக்காது. அகலமான பந்துக்கு எட்டி வைத்தால், உடம்பு கோர்ட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஓபனில் இரண்டு பாதங்களும் கிட்டத்தட்ட பேஸ்லைனை (கோர்ட்டின் பின்கோட்டை) ஒட்டிய திசையில் இருக்கும். எடை வலது காலில் ஏறும். இடுப்பும் தோளும் சுழல்வதில்தான் பலம். அடித்த கையோடு நடுவுக்குத் திரும்பலாம். உயர எழும்பும் பந்துக்கும், செமி வெஸ்டர்ன் கிரிப்பில் (உள்ளங்கை பிடியின் அடிப்பக்கமாக இருக்கும் பிடிப்பு) டாப்ஸ்பின், அதாவது பந்து முன்னோக்கிச் சுழலும் அடி, போடுவதற்கும் இதுதான் தோது.

ஆனால் நம்ம ஆட்கள் பலருக்கு ஓபன் என்றால் கால் நகர்த்தாமல் நிற்பதற்குக் கிடைத்த லைசென்ஸ். மார்பு வலையைப் பார்த்தபடி, முழங்கால் விறைத்தபடி, கை மட்டும் வீசும். சோதிப்பது சுலபம்: பந்தைத் தொடுவதற்கு முன் இடது குதிகாலைச் சிரமமில்லாமல் தூக்க முடிகிறதா? முடிந்தால் எடை வலது காலில் ஏறியிருக்கிறது. அடித்த பிறகு உடம்பு பின்னால் சாய்கிறதா? அப்படியானால் அந்தப் பலம் பந்துக்குப் போகவில்லை. தோள் திரும்பாத ஓபனைவிட சுமாரான நியூட்ரல் எவ்வளவோ மேல். பலரும் உண்மையில் அடிப்பது இரண்டுக்கும் நடுவில் உள்ள செமி ஓபன்தான், அதில் தப்பே இல்லை.

ஒற்றைக்கை பேக்ஹேண்டில், அதாவது எதிர்ப்பக்கம் வரும் பந்தை ஒரே கையால் அடிப்பதில், இந்தப் போட்டிக்கே இடமில்லை. நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓபனில் 2011, 2014, 2015, 2016 என நான்கு முறை பட்டம் வென்ற ஸ்விட்சர்லாந்து வீரர் வாவ்ரிங்காவை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வலது கால் குறுக்கே முன்னே வரும், முதுகு பாதி தெரியும் அளவுக்குத் தோள் திரும்பும், அடிக்கும்போது இடது கை பின்னால் விரிந்து உடம்பு சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் நம்ம ஊர்க் காற்று. வெயில் கண்ணில் படாமல் இருக்க டென்னிஸ் கோர்ட்டைப் பெரும்பாலும் வடக்கு தெற்காகத்தான் போடுவார்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மாலையில் கிழக்கிலிருந்து வரும் காற்று அதன் குறுக்கே வீசும். வடக்கு பார்த்து ஆடும் வலதுகைக்காரருக்கு ஃபோர்ஹேண்ட் பந்து உடம்பை நோக்கி ஒதுங்கும். அங்கே இடது காலை முன்னே வைத்தால் இடுப்பு அடைபட்டு, முழங்கை மடங்கிவிடும். ஓபன்தான் காப்பாற்றும். தெற்கு பார்த்து ஆடும்போது பந்து விலகி ஓடும். அங்கே சின்னச் சின்ன அடிகளாக நெருங்கி, நேரம் இருந்தால் நியூட்ரலில் அடிக்கலாம்.

ஓபனில் மொத்த எடையும் ஒரே காலில் நிற்பதால், சிமென்ட் தரையில் பேஸ்லைன் ஓரமாகப் படிந்திருக்கும் மணலை முதலில் பெருக்கிவிடுங்கள். முழங்கால் வலி இருப்பவர்கள் அகலமான பந்தைத் தவிர மற்றதற்கு நியூட்ரலிலேயே இருப்பது நல்லது. இடதுகைக்காரர்களுக்குக் காற்றுக் கணக்கு அப்படியே தலைகீழ்.